பில்லி ஸ்லேட்டர் என்ற ஃபுல்பேக்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லி ஸ்லேட்டர் யார்?

ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் ஸ்டார்ம் அணிக்காக 2003 முதல் 2018 வரை ஆடிய ரக்பி லீக் வீரர். ஆடிய இடம் ஃபுல்பேக். என்.ஆர்.எல். எனப்படும் தேசிய ரக்பி லீக்கில் 319 ஆட்டங்களில் 190 ட்ரை வைத்தார் (எதிரணியின் கோல் லைனைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றுவதுதான் ட்ரை). அவர் ஓய்வு பெற்றபோது ஆஸ்திரேலிய முதல்தர ரக்பி லீக்கில் அவரைவிட அதிக ட்ரை வைத்திருந்தவர் ஒருவர்தான்: 212 ட்ரை வைத்த கென் இர்வின். குயின்ஸ்லாந்து மாநில அணிக்கு 31 ஆட்டம், ஆஸ்திரேலியாவுக்கு 30 டெஸ்ட் (நாடுகள் மோதும் ஆட்டம்) என்று ஆடியவர், 2022-லிருந்து குயின்ஸ்லாந்தின் பயிற்சியாளர்.

அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அந்த 190-ஐச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். பந்து கையில் இல்லாத நேரத்தில் அவர் செய்த வேலைதான் அவரைத் தனியாக நிறுத்தியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். அது புள்ளிவிவரப் பட்டியலில் வராது என்பதால் இந்தப் பக்கத்தில் அதற்குக் கொஞ்சம் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இலங்கையில் பள்ளிக்கூட அணிகள் ஆடும் ரக்பியும் இதுவும் ஒன்றா?

இல்லை. அங்கே ஆடுவது அணிக்கு 15 பேர் கொண்ட ரக்பி யூனியன். ரக்பி லீக்கில் 13 பேர். 1895-ல் வட இங்கிலாந்தின் கிளப்புகள், ஆட்டத்துக்காக வேலையை விட்டு வரும் தொழிலாளிகளுக்கு அவர்கள் இழந்த கூலியைத் தரவேண்டும் என்று கேட்டுப் பிரிந்து போனதில் பிறந்தது இந்த ஆட்டம். சிட்னியில் 1908-ல் போட்டிகள் தொடங்கின.

விதிகளில் பெரிய வித்தியாசம் டேக்கிள் கணக்கு. பந்து வைத்திருக்கும் அணியை எதிரணி ஆறு முறை மடக்கிப் பிடித்துவிட்டால் பந்து கைமாறிவிடும். அதனால் ஐந்து டேக்கிள் முடிந்ததும் பெரும்பாலும் பந்தை உயரமாகவோ தரையோடோ எதிரணியின் எல்லைக்குள் உதைத்துவிடுவார்கள். ட்ரைக்கு 4 புள்ளி, அதன்பின் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 2. ஆட்டம் 80 நிமிடம். இவ்வளவு தெரிந்தால் கீழே உள்ளதைப் படிக்கப் போதும்.

ஃபுல்பேக்கின் வேலை என்ன?

முதுகில் 1 என்ற எண். அணி தடுத்து ஆடும்போது சக வீரர்கள் முன்னால் வரிசையாக நிற்க, ஃபுல்பேக் அவர்களுக்குப் பின்னால் தனியாக நிற்பார். யாராவது அந்த வரிசையை உடைத்துக்கொண்டு வந்தால், மிச்சம் இருப்பது அவர் ஒருவர்தான். எதிரணி உதைக்கும் பந்தைப் பிடிப்பதும், பிடித்த கையோடு முன்னால் ஓடிவந்து மோதுவதும் அவர் பொறுப்பு. வானத்திலிருந்து பந்து இறங்கிக்கொண்டிருக்கும்; எதிரில் நூறு கிலோ ஆட்கள் முழு வேகத்தில் ஓடி வந்துகொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் கண்ணைப் பந்திலிருந்து எடுக்காமல் நிற்கிற நெஞ்சுரம் இல்லாதவருக்கு இந்த இடம் சரிவராது.

அணி தாக்கும்போது அவரே கூடுதல் ஆள். பாஸ் கொடுக்கும் வீரர்களின் முதுகுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஓடி வந்து, எதிரணி எண்ணி வைத்திருக்கும் கணக்கில் ஒரு தலையைக் கூட்டிவிடுவார்.

ஸ்லேட்டருக்கு முன் இந்த இடத்தில் பெரிய ஆட்கள் இருந்தார்களா?

நிறைய. முதலில் சொல்லவேண்டிய பெயர் கிளைவ் சர்ச்சில். 1947 முதல் 1958 வரை சவுத் சிட்னிக்கு ஆடியவர்; ‘லிட்டில் மாஸ்டர்’ என்று அழைத்தார்கள். அவர் வருவதற்கு முன் ஃபுல்பேக் என்றால் பின்னால் நின்று பந்தைப் பிடித்து, திருப்பி உதைத்து, தாண்டி வருகிறவரை மடக்குகிற காவல்காரர். சர்ச்சில் பந்தைப் பிடித்ததும் உதைக்காமல் ஓட ஆரம்பித்தார். இறுதிப்போட்டியின் சிறந்த வீரருக்குத் தரும் பதக்கம் அவர் பெயரில்தான் இருக்கிறது. அதன் பிறகு செயின்ட் ஜார்ஜின் கிரேம் லாங்லண்ட்ஸ், மேன்லியின் கிரகாம் ஈடி, பிரிஸ்பேன் பிராங்கோஸின் டேரன் லாக்யர் என்று வரிசை நீள்கிறது. 2004-ல் லாக்யர் ஃபைவ்-எயித் எனப்படும், பாஸ்களால் தாக்குதலை நடத்தும் இடத்துக்கு மாறினார். ஸ்லேட்டர் வளர்ந்து வந்தது அந்தச் சமயத்தில்.

எங்கே பிறந்தார்? குதிரை லாயத்தில் வேலை பார்த்தார் என்பது உண்மையா?

உண்மை. 1983 ஜூன் 18-ல் குயின்ஸ்லாந்தின் நாம்பூரில் பிறந்து, வடக்கே இன்னிஸ்ஃபெயிலில் வளர்ந்தார். கெயர்ன்ஸுக்குத் தெற்கே, வாழையும் கரும்பும் விளைகிற, ஆஸ்திரேலியாவிலேயே அதிகம் மழை பெய்கிற பகுதிகளில் ஒன்று அது. பதினாறு வயதில் சிட்னிக்குப் போய், புகழ்பெற்ற பந்தயக்குதிரைப் பயிற்சியாளர் கெய் வாட்டர்ஹவுஸின் லாயத்தில் விடியற்காலையில் குதிரைகளை ஓட்டிப் பயிற்சி கொடுக்கும் வேலையில் சில மாதங்கள் இருந்தார். பிறகு ரக்பி லீக்குக்கே திரும்பி, பிரிஸ்பேனின் நார்த்ஸ் டெவில்ஸ் அணியில் சேர்ந்தார்.

நார்த்ஸ் டெவில்ஸ் அப்போது மெல்பர்ன் ஸ்டார்முக்கு ஆள் தயார் செய்து அனுப்பும் கிளப். அதே இடத்திலிருந்து வந்த இன்னும் இருவர் கேமரன் ஸ்மித், கூப்பர் கிராங்க். ஒரு சிறிய கிளப்பிலிருந்து ஏறக்குறைய ஒரே காலத்தில் மூன்று மகத்தான வீரர்கள் மேலே வந்தது இந்த ஆட்டத்தின் பெரும் அதிர்ஷ்டங்களில் ஒன்று.

மெல்பர்னில் ரக்பி லீக்குக்கு வரவேற்பு இருந்ததா?

மெல்பர்ன் ஆஸ்திரேலியன் ரூல்ஸ் ஃபுட்பால் என்ற வேறொரு ஆட்டத்தின் ஊர். பிறந்த குழந்தைக்கே எந்த அணி என்று தீர்மானித்துவிடுகிற குடும்பங்கள் அங்கே உண்டு. ஸ்டார்ம் அணி 1998-ல்தான் களம் இறங்கியது. அடுத்த வருடமே கோப்பையை வென்றது. ஆனாலும் நகரத்தின் பெரும்பாலோருக்கு அது வெளியூர் ஆட்டம். 2003-ல் கிரெய்க் பெல்லமி பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். அவருடைய முதல் பருவமும் ஸ்லேட்டரின் முதல் பருவமும் ஒன்றே. அந்த வருடம் ஸ்லேட்டர் 19 ட்ரை வைத்தார். இன்று ஆமி பார்க் மைதானத்துக்கு வெளியே அவருக்கும் ஸ்மித்துக்கும் வெண்கலச் சிலைகள் நிற்கின்றன. மெல்பர்ன் போன்ற நகரத்தில் ரக்பி லீக்காரர்களுக்குச் சிலை என்பது சாதாரண காரியம் இல்லை.

எல்லோரும் சொல்லும் அந்த 2004 ட்ரை எது?

ஸ்டேட் ஆஃப் ஆரிஜின் என்பது குயின்ஸ்லாந்தும் நியூ சவுத் வேல்ஸும் வருடந்தோறும் மோதும் மூன்று ஆட்டத் தொடர். யார் எந்தக் கிளப்புக்கு ஆடினாலும் சொந்த மாநிலத்துக்குத்தான் இதில் ஆடவேண்டும். ரக்பி லீக்கில் இதைவிடக் கடுமையான ஆட்டம் கிடையாது.

2004-ன் இரண்டாவது ஆட்டம், பிரிஸ்பேனில். லாக்யர் பந்தை முன்னால் உதைத்தார். தடுப்பு வரிசையைத் தாண்டிப் பாய்ந்த ஸ்லேட்டர் முழு ஓட்டத்தில் அதை எடுத்தார். எதிரே நியூ சவுத் வேல்ஸின் ஃபுல்பேக் ஆண்டனி மினிச்செல்லோ. வேகத்தைக் குறைக்காமல் அவருக்கு மேலாகப் பந்தைத் தட்டி உதைத்து, அவரைச் சுற்றி ஓடி, பந்தைப் பிடித்து ட்ரை வைத்தார். அப்போது அவருக்கு 21 வயது நிரம்பக்கூட இல்லை. குயின்ஸ்லாந்து 22-18 என்று வென்றது.

அழகான ட்ரை, மறுப்பதற்கில்லை. ஆனால் இதை மட்டும் பார்த்துவிட்டு அவரை ‘துணிச்சல்காரப் பையன்’ என்று மனதில் பதிய வைத்துக்கொண்டவர்கள் அதிகம். அந்த வயது ஸ்லேட்டர் கவனக்குறைவுகளும் நிறைய செய்தார். சில வருடங்கள் ஆரிஜின் அணியில் இடமே இல்லாமல் போனது. 2008-ல் திரும்பி வந்தவர்தான் நான் பேச விரும்பும் ஸ்லேட்டர்.

பந்து கையில் இல்லாத நேரத்தில் அப்படி என்ன செய்தார்?

பேசினார். 80 நிமிடமும் நிறுத்தாமல் கத்திக்கொண்டே இருப்பார். தடுப்பு வரிசையில் நிற்கிறவருக்குத் தன் எதிரே இருப்பவர் மட்டும்தான் தெரியும். கிரிக்கெட்டில் விக்கெட் கீப்பருக்குக் களம் முழுவதும் கண்முன் விரிவதுபோல, பின்னால் நிற்கிற ஃபுல்பேக்குக்கு எதிரணி எந்தப் பக்கம் ஆள் சேர்க்கிறது என்பது தெரியும். இடது பக்கம் ஒருவர் குறைகிறார், நீ நகரு, நீ நில் என்று ஒவ்வொரு டேக்கிளுக்கும் இடையில் உள்ள சில நொடிகளில் வரிசையைச் சரிசெய்துகொண்டே இருந்தார். ஸ்டார்ம் அணியின் தடுப்பு பல வருடங்கள் உடைக்க முடியாததாக இருந்ததற்குப் பெல்லமியின் பயிற்சிக்கு இணையான காரணம் இது. வரிசை சரியாக நின்றுவிட்டால் எதிரணி அந்தப் பக்கம் முயற்சியே செய்யாது. நடக்காமல் போன ட்ரையை யார் எண்ணுவது?

அடுத்தது, நிற்கும் இடம். எதிரணி உதைப்பதற்கு முன்பே பந்து எங்கே விழும் என்று கணித்து நகர்ந்திருப்பார். காலி இடம் என்று நம்பி உதைத்த பந்து நேராக அவர் கையில் போய் விழும். தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு ‘மோசமான உதை’ என்று தோன்றும். கேமரா பந்தின் பின்னாலேயே போவதால் அவர் பத்து மீட்டர் நகர்ந்து வந்தது திரையில் தெரிவதே இல்லை. மைதானத்தில் உட்கார்ந்து பந்தை விட்டுவிட்டு அவரை மட்டும் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும்.

மூன்றாவது, ஓயாத தொடர்தல். சக வீரர் யாராவது தடுப்பை உடைத்தால் பக்கத்தில் ஸ்லேட்டர் இருப்பார். உடைப்பது நடக்கும் என்று தெரிந்து ஓடுவதில்லை. நடக்கலாம் என்று ஒவ்வொரு முறையும் ஓடுவது. பத்து முறை ஓடினால் ஒன்பது முறை வீண். அந்தப் பத்தாவது முறையில் கிடைத்த ட்ரைகள் அந்த 190-ல் ஏராளம்.

தாக்குதலில் கிராங்குடன் அவர் வைத்திருந்த புரிதலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். முன்னால் ஓடுகிற தடியான வீரருக்குப் பாஸ் போகும் என்று எதிரணி நினைக்கும். பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய், வளைந்து ஓடிவரும் ஸ்லேட்டரிடம் சேரும். அங்கிருந்து தானே உள்ளே புகுவதா, ஓரத்தில் நிற்கும் விங் வீரருக்கு நீண்ட பாஸ் கொடுப்பதா என்று முடிவெடுக்க அவருக்குக் கிடைப்பது ஒரு நொடிக்கும் குறைவு. இன்று கிட்டத்தட்ட எல்லா அணியும் இப்படித்தான் தாக்குகிறது. ஃபுல்பேக் என்றால் பாஸ் கொடுக்கத் தெரிந்தாகவேண்டும் என்ற எதிர்பார்ப்பை வலுவாக்கியவர்களில் அவர் முதன்மையானவர்.

எத்தனை கோப்பைகள்? ஒவ்வொரு இடத்திலும் வேறு எண் இருக்கிறதே?

களத்தில் வென்ற இறுதிப்போட்டிகள் நான்கு: 2007, 2009, 2012, 2017. பதிவேட்டில் இருப்பது கடைசி இரண்டு மட்டும். 2010 ஏப்ரல் 22-ல், வீரர்களின் சம்பளத்துக்கு லீக் வைத்திருந்த உச்சவரம்பை ஸ்டார்ம் நிர்வாகம் பல வருடங்களாக ரகசியமாக மீறி வந்தது வெளியே வந்தது. 2007, 2009 பட்டங்கள் பறிக்கப்பட்டன. 2010 பருவம் முழுவதும் எத்தனை ஆட்டம் வென்றாலும் புள்ளி கிடையாது என்றும் தீர்ப்பானது.

மீறல் உண்மை, தண்டனையும் தேவைதான். தங்கள் அணியை வரம்புக்குள் வைத்திருந்த மற்ற கிளப்புகளுக்கு அது அநியாயம். அதே சமயம், 2009 இறுதிப்போட்டியில் பாரமாட்டாவை 23-16 என்று வென்றபோது ஸ்லேட்டர் ஆடிய ஆட்டத்தை யாரும் அழிக்க முடியாது. அந்த வருடம் லீக்கின் சிறந்த வீரருக்கான டாலி எம் பதக்கத்தை வென்றிருந்த ஃபுல்பேக் ஜாரிட் ஹெய்ன் எதிரணியில் இருந்தார். ட்ரை வைத்து, கிளைவ் சர்ச்சில் பதக்கத்தையும் ஸ்லேட்டர் வாங்கினார். பட்டம் போன பிறகும் அந்தப் பதக்கம் அவரிடமே இருக்கிறது. புள்ளியில்லாத 2010-க்கு அடுத்த வருடம் டாலி எம் பதக்கம் ஸ்லேட்டருக்கு. 2012-ல் புல்டாக்ஸை 14-4 என்று வென்ற இறுதிப்போட்டியிலும் அவர் ஒரு ட்ரை வைத்தார்.

தோற்ற இறுதிப்போட்டிகள் மூன்று: 2006, 2008, 2018. 2008-ல் மேன்லியிடம் 40-0. கேப்டன் ஸ்மித் தடையில் இருந்ததால் அன்று ஆடவில்லை.

2008 உலகக் கோப்பையில் என்ன தவறு செய்தார்?

பிரிஸ்பேனில் இறுதிப்போட்டி, எதிரணி நியூசிலாந்து. இரண்டாம் பாதியில் ஆட்டம் இழுபறியாக இருந்தபோது, தன் கோல் லைன் அருகே பந்தை எடுத்த ஸ்லேட்டரை எதிரணியினர் எல்லைக்கோட்டுக்கு வெளியே தள்ளப் பார்த்தார்கள். பந்து வெளியே போகக்கூடாது என்று அவர் யோசிக்காமல் உள்பக்கம் வீசினார். அங்கே நின்றிருந்த பெஞ்சி மார்ஷல் அதை எடுத்து ட்ரை வைத்தார். நியூசிலாந்து 34-20 என்று வென்று முதல் முறையாக உலகக் கோப்பையைத் தூக்கியது. உலகின் சிறந்த வீரருக்கான கோல்டன் பூட் விருதும் அதே வருடம்தான் ஸ்லேட்டருக்குக் கிடைத்தது.

ஐந்து வருடம் கழித்து, 2013-ல் மான்செஸ்டரின் ஓல்ட் ட்ராஃபர்டில் அதே நியூசிலாந்துக்கு எதிரான இறுதிப்போட்டி. முழங்கால் காயத்திலிருந்து அப்போதுதான் மீண்டிருந்தார். இரண்டு ட்ரை வைத்தார், ஆஸ்திரேலியா 34-2. பிறகு 2017 உலகக் கோப்பையையும் வென்ற அணியில் இருந்தார்.

முரட்டு ஆட்டக்காரர் என்று சிலர் சொல்வது சரியா?

ஓரளவு சரி. 2006-ல் வெஸ்ட்ஸ் டைகர்ஸ் வீரர் ஜான் ஸ்கண்டாலிஸைக் காலால் உதைத்ததற்கு ஏழு ஆட்டத் தடை வாங்கினார். அதற்கு நியாயம் சொல்ல நான் வரமாட்டேன். உயரப் பந்துக்குத் தாவும்போது காலை முன்னால் நீட்டுவதும், ட்ரையைத் தடுக்கக் கால் முன்னால் வரச் சறுக்குவதும் ஆபத்தானவை என்ற விமர்சனமும் நியாயமானதே. இளம் வீரர்கள் அவரைப் பார்த்து இதையும் கற்றுக்கொண்டார்கள்.

தோள்பட்டைக் காயத்தோடு வாழ்க்கை முடிந்துவிடும் என்றார்களே?

2015-ல் ஏழு ஆட்டம், 2016-ல் ஒரே ஒரு ஆட்டம். இரண்டு முறை தோள்பட்டை அறுவை சிகிச்சை. வயது 33. திரும்ப வந்தாலும் பழைய ஆளாக இருக்கமாட்டார் என்பதே பொதுக்கருத்து. 2017 ஆரிஜின் தொடரின் முதல் ஆட்டத்துக்குத் தேர்வாளர்கள் அவரை எடுக்கவில்லை. குயின்ஸ்லாந்து 28-4 என்று உதை வாங்கியது. இரண்டாவது ஆட்டத்துக்கு அழைத்தார்கள். 18-16, பிறகு 22-6 என்று இரண்டையும் வென்று தொடரும் கைக்கு வந்தது. அதே வருட இறுதிப்போட்டியில் நார்த் குயின்ஸ்லாந்து கவ்பாய்ஸை ஸ்டார்ம் 34-6 என்று வென்றபோது இரண்டாவது கிளைவ் சர்ச்சில் பதக்கம். என் பார்வையில் அவருடைய உச்சம் 2017. ஓட்டத்தில் சற்றே வேகம் குறைந்திருந்தது. எங்கே ஓடவேண்டும் என்பதில் துளியும் பிசகு இல்லை.

கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் ஏன் கூச்சலிட்டார்கள்?

2018 அரையிறுதியில் குரோனுல்லாவின் சொசாயா ஃபெக்கி ட்ரை வைக்க ஓடியபோது, குறுக்கே பாய்ந்த ஸ்லேட்டர் தோளால் இடித்தார் என்று குற்றச்சாட்டு. கையைப் பயன்படுத்தாமல் தோளால் இடிப்பது 2013-லிருந்து தடைசெய்யப்பட்டது. குற்றம் உறுதியானால் இறுதிப்போட்டி கிடையாது. அவர் ஏற்கெனவே ஓய்வை அறிவித்திருந்தார். இறுதிப்போட்டி வாரத்தின் செவ்வாய்க்கிழமை நடந்த விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்று தீர்ப்பு வந்தது. பெரிய பெயர் என்பதால் விட்டுவிட்டார்கள் என்ற கோபம் சிட்னி ரசிகர்களுக்கு. சிட்னியில் நடந்த இறுதிப்போட்டியில் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் கூச்சல். எதிரணியான சிட்னி ரூஸ்டர்ஸ் 21-6 என்று வென்றது. எதிரணியில் தோள் எலும்பு உடைந்த நிலையில் ஆடியவர் அவருடைய பழைய தோழர் கூப்பர் கிராங்க்.

அதே 2018-ல் குயின்ஸ்லாந்து தோற்ற ஆரிஜின் தொடரில், முதல் ஆட்டம் ஆடாத ஸ்லேட்டருக்குத் தொடரின் சிறந்த வீரர் விருதைக் கொடுத்தார்கள். அது வென்ற அணியில் ஒருவருக்குப் போயிருக்கவேண்டும் என்பது என் கருத்து. 2010-ல் மூன்று ஆட்டத்தையும் வென்றபோது கிடைத்த அதே விருது முழுக்க அவர் உழைப்புக்குக் கிடைத்தது.

எல்லாக் காலத்துக்கும் சிறந்த ஃபுல்பேக் அவர்தானா?

சர்ச்சில் ஆடிய நாட்களில் டேக்கிளுக்குக் கணக்கே இல்லை. ஒரு அணி எவ்வளவு நேரமும் பந்தை வைத்திருக்கலாம். டேக்கிளுக்கு வரம்பு என்று ஒன்று 1967-ல்தான் வந்தது. அந்த ஆட்டத்தையும் இந்த ஆட்டத்தையும் ஒரே தராசில் வைக்க எனக்கு விருப்பமில்லை. ஆறு டேக்கிள் காலத்தில் யார் என்று கேட்டால், தயக்கமில்லாமல் ஸ்லேட்டர். லாக்யர் பாஸில் அவரைவிட நயமானவர்; இன்னொரு ஃபுல்பேக் ஜேம்ஸ் டெடெஸ்கோ மோதி உடைப்பதில் வலுவானவர். தடுப்பை நடத்துவதில் ஸ்லேட்டருக்குப் பக்கத்தில் யாரையும் வைக்க முடியவில்லை.

பயிற்சியாளராக எப்படி?

மூத்த பயிற்சியாளராக எந்தக் கிளப்பையும் நடத்திய அனுபவம் இல்லாமலேயே குயின்ஸ்லாந்துப் பொறுப்பு வந்தது. 2022, 2023, 2025 தொடர்களை வென்றார், 2024-ல் தோற்றார். 2022-ன் முடிவு ஆட்டத்தில் கேமரன் மன்ஸ்டரும் மர்ரே டாலாகியும் கொரோனாவால் ஆட முடியவில்லை. அப்படியும் 22-12 என்று வென்றார்கள். ஃபுல்பேக் கேலின் பொங்காவே அன்று ஆட்டநாயகன். 2025-ல் முதல் ஆட்டம் தோற்றதும் கேப்டன் டேலி செர்ரி-எவன்ஸையே அணியிலிருந்து எடுத்துவிட்டு மன்ஸ்டரைக் கேப்டனாக்கினார். கடும் எதிர்ப்பு வந்தது. அடுத்த இரண்டு ஆட்டங்களையும், அதுவும் பெர்த்திலும் சிட்னியிலும், குயின்ஸ்லாந்து வென்றது.

அவர் ஆட்டத்தைப் பார்க்க எங்கிருந்து தொடங்கலாம்?

2017 இறுதிப்போட்டியை முழுதாகப் பாருங்கள். தொகுப்புக் காட்சிகள் வேண்டாம். கவ்பாய்ஸ் பந்து வைத்திருக்கும் நேரத்தில், கேமரா அகலமாகக் காட்டும்போதெல்லாம் திரையின் பின்பக்கத்தில் 1-ம் எண் சட்டையைத் தேடுங்கள். கை எந்தப் பக்கம் காட்டுகிறது, உதைக்கு முன் கால் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கவனியுங்கள். பிறகு 2009 இறுதிப்போட்டி, ஹெய்னும் அவரும் எதிரெதிராக. 2004 ட்ரையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.